குடத்தைத் திறந்து காட்டும் சாப்ட்வேர்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் இப்போது யாராவது ஒருவர் வந்து, "ஸ்டேக்கிங் செய்யுங்கள், கம்ப்யூட்டர் சும்மா ஓடிக்கொண்டிருந்தாலே காசு வரும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். ஸ்டேக்கிங் என்றால் என்ன, அதற்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் பதில் வருவதில்லை. உண்மையில் அதற்குள் நடப்பது ஒரு சீட்டுக் குலுக்கல். நம் ஊர்களில் எவர்சில்வர் டப்பாவில் பெயர் எழுதிப் போட்டுக் குலுக்குகிறோமே, அதேதான். ஆனால் அந்த டப்பாவைப் பிடித்துக்கொள்ள அங்கே யாரும் கிடையாது. ஒருவரை ஒருவர் பார்த்தே இராத பல ஆயிரம் பேர், உலகம் முழுவதும் இருந்துகொண்டு, யாரும் ஏமாற்ற முடியாதபடி ஒரு சீட்டை எடுக்க வேண்டும். இதைச் செய்யும் சாப்ட்வேர்கள் எல்லாம் ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் இலவசமாக டவுன்லோட் செய்யலாம், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம். அது எப்படி நடக்கிறது என்று இந்த மாதம் பார்ப்போம். பணம் எதுவும் போடாமல் நீங்களே செய்து பார்க்கும் சில சோதனைகளும் உண்டு.

குண்டனி நாட்டுச் சீட்டு

கொல்லிமலையில் ஊராட்சிகளுக்கெல்லாம் நாடு என்றுதான் பெயர். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்று போகும் வரிசையில் குண்டனி நாடும் ஒன்று. என் சித்தி வீடு அங்கேதான். கீழே காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போக வேண்டும். வீட்டில் இருந்தே வேலை பார்க்கும் வசதி வந்த பிறகு ஆண்டுக்கு ஓரிரு மாதங்கள் லேப்டாப்போடு அங்கே போய்விடுவது என் வழக்கம்.

சித்தியும் பக்கத்து வீட்டுக்காரர்களுமாக 12 பேர் சேர்ந்து மாதம் ஆயிரம் ரூபாய் குலுக்கல் சீட்டு போடுகிறார்கள். முன்பெல்லாம் எல்லோரும் ஊரிலேயே இருந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து, டப்பாவைக் கவிழ்த்துக் காட்டி, சின்னப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னால் முடிந்தது. இப்போது அந்த 12 பேரில் 5 பேர் திருப்பூரிலும் நாமக்கல்லிலும் வேலையில் இருக்கிறார்கள். வாட்ஸ்ஆப் வீடியோவில் காட்டுகிறோம் என்றால், டப்பாவில் எல்லோர் பெயரும் இருந்ததா என்று கேமராவில் தெரியவில்லை என்கிறார் ஒருவர். பாதியில் வீடியோ நின்றுவிட்டது என்கிறார் இன்னொருவர். மகள் கல்லூரிக் கட்டணத்துக்காக இந்த மாதம் சீட்டு விழாதா என்று காத்திருப்பவருக்கு இந்தச் சந்தேகம் சாதாரண விஷயம் இல்லை.

இந்த 12 பேரின் பிரச்சினைதான் பிளாக்செயினின் பிரச்சினையும். எண்ணிக்கை மட்டும் பெரியது.

உத்திரமேரூர்க்காரர்களின் விதிகள்

பிளாக்செயினுக்குப் போகும் முன் ஒரு சிறு சரித்திரம். காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். ஆனால் ஒரு புரோகிராமர் கண்ணோடு திரும்பப் படித்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். குடும்பு என்றால் இன்றைய வார்டு. பெயர் எழுதிப் போட, வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். கடந்த 3 ஆண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கு இடம் இல்லை. அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இல்லை.

சீட்டு எடுக்கும் விதம் இன்னும் நுட்பமானது. முதியவர் ஒருவர் குடத்தைத் தூக்கி, கூடியிருப்போர் எல்லோருக்கும் தெரியும்படி காட்ட வேண்டும். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுக்க வேண்டும். அந்தக் கட்டில் உள்ள ஓலைகளை வேறொரு குடத்தில் போட்டுக் குலைத்து, அதில் இருந்து மறுபடி ஓர் ஓலை எடுக்க வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலையை ஒளித்து வைத்திருந்தால் தெரிந்துவிடும் அல்லவா? அவர் வாசித்த பிறகு அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும்.

அது ஒரு பிராமணர் சபை. ஊரில் இருந்த எல்லோருக்கும் அந்தக் குடத்தில் இடம் இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் குலுக்கலை எப்படி நடத்துவது என்ற ஒரு விஷயத்தில் அவர்கள் யோசித்த அளவுக்கு இன்றைய பல வெப்சைட்டுகள் யோசிப்பதில்லை.

இப்போது பிளாக்செயின்

பிளாக்செயின் என்பது ஒரு கணக்கு நோட்டு. ஒரே நோட்டின் நகல் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இருக்கும். அடுத்த பக்கத்தை எழுதுவது யார் என்பதுதான் கேள்வி. பிட்காயினில், கடினமான கணக்குப் புதிரை முதலில் போட்டு முடிக்கும் கம்ப்யூட்டர் எழுதும். அதற்கு ஏகப்பட்ட மின்சாரம் ஆகிறது. இன்னொரு முறைதான் புரூப் ஆஃப் ஸ்டேக். இதில் முன்பணம் கட்டியவர்களின் பெயர்களைக் குடத்தில் போட்டுக் குலுக்கி ஒருவரை எடுப்பார்கள். முன்பணம் கட்டி அமர்ந்திருக்கும் இவருக்கு வேலிடேட்டர் என்று பெயர். சரியாக எழுதினால் சிறு கூலி. திருட்டுக் கணக்கு எழுதினால் முன்பணத்தில் வெட்டு விழும், ஆளையும் வெளியேற்றிவிடும். இதற்கு ஸ்லாஷிங் என்று பெயர். கால் வேலி நிலம், கணக்குக் காட்டாதவருக்குத் தடை... ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்த முறையில் ஓடுவதில் மிகப் பெரியது எத்தீரியம். 2020 டிசம்பர் 1-ஆம் தேதி இதற்கான தனிச் சங்கிலியைத் தொடங்கினார்கள். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி எத்தீரியம் முழுவதுமே புதிர் முறையை விட்டுவிட்டு இதற்கு மாறியது. மின்சாரச் செலவு 99 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. அங்கே 12 வினாடிக்கு ஒரு பக்கம். அதை ஸ்லாட் என்பார்கள். 32 ஸ்லாட் சேர்ந்தது ஓர் எபாக், அதாவது 6.4 நிமிடம். ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் ஒரு வேலிடேட்டரைக் குலுக்கி எடுக்க வேண்டும். வேலிடேட்டர்களைக் குழுக்களாகப் பிரிக்கும்போது பட்டியலை 90 சுற்று கலைக்கிறது சாப்ட்வேர். உத்திரமேரூரில் குடத்தில் போட்டுக் குலைத்ததன் கம்ப்யூட்டர் வடிவம் இது.

சரி, கலைக்க வேண்டும் என்றால் ஒரு ரேண்டம் எண் வேண்டும். அந்த எண்ணை யார் கொடுப்பது? கொடுப்பவர் கையில்தானே குடம் இருக்கும்?

வீட்டிலேயே ஒரு சோதனை

இதற்கு ஒரு வழி, எல்லோரும் ஆளுக்கொரு எண் கொடுப்பது. சித்தி வீட்டுச் சீட்டையே எடுத்துக்கொள்வோம். 12 பேருக்கும் 0 முதல் 11 வரை வரிசை எண். ஒவ்வொருவரும் மனதில் ஓர் எண்ணை நினைத்துச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி 12-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் சீட்டு எடுப்பவரின் வரிசை எண். மீதியைக் கண்டுபிடிக்க லிப்ரே ஆபீஸ் கால்க்கில் மாட் என்றொரு ஃபங்ஷன் இருக்கிறது. கூட்டுத்தொகை 4387 என்றால் மீதி 7. ஏழாம் எண்காரருக்குச் சீட்டு.

இதில் உள்ள ஓட்டை உங்களுக்கே தெரிந்திருக்கும். கடைசியாகச் சொல்பவர் மற்றவர்களின் கூட்டலைப் பார்த்துவிட்டுத் தனக்கு வேண்டிய எண்ணைச் சொல்லிவிடலாம். ஆகவே எண்ணைச் சொல்வதற்கு முன் எல்லோரும் அதைப் பூட்டிக் காட்ட வேண்டும். அதற்குத்தான் ஹாஷ்.

செய்து பாருங்கள். 7-ஸிப் என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். நோட்பேடைத் திறந்து உங்கள் எண்ணையும், கூடவே மனதில் தோன்றும் ஏதாவது ஒரு நீளமான வரியையும் டைப் செய்து சேவ் செய்யுங்கள். அந்தப் பைலின் மேல் ரைட் கிளிக் செய்தால் (விண்டோஸ் 11-ல் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ என்பதையும் அழுத்த வேண்டியிருக்கலாம்) ‘சிஆர்சி எஸ்எச்ஏ’ என்ற மெனு வரும். அதில் எஸ்எச்ஏ-256 என்பதைத் தேர்ந்தெடுத்தால் 64 எழுத்துகள் கொண்ட ஒரு வரி கிடைக்கும். அதுதான் பூட்டு. பைலில் ஒரே ஒரு இடைவெளியை மாற்றிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். முற்றிலும் வேறு வரி வரும். அந்த வரியை வைத்துக்கொண்டு உள்ளே என்ன எண் இருந்தது என்று பின்னோக்கிக் கண்டுபிடிக்க வழியில்லை. வெறும் எண்ணை மட்டும் எழுதினால் ஒன்றில் இருந்து ஆயிரம் வரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். கூட ஒரு நீளமான வரி எதற்கு என்றால் அதற்காகத்தான்.

முதலில் 12 பேரும் பூட்டை மட்டும் குரூப்பில் போட வேண்டும். 12 பூட்டும் வந்து சேர்ந்த பிறகு அவரவர் பைலை அனுப்ப வேண்டும். பைலாக அனுப்புங்கள், மெசேஜாக டைப் செய்து அல்ல. பூட்டோடு ஒத்துப் போகிறதா என்று யார் வேண்டுமானாலும் 7-ஸிப்பில் சரிபார்த்துக்கொள்ளலாம். இனி யாரும் எண்ணை மாற்ற முடியாது.

சித்தி கேட்ட கேள்வி

இதை நான் திண்ணையில் உட்கார்ந்து விளக்கி முடித்ததும் சித்தி கேட்டார். "ஏங்கண்ணு, கடைசியா ஒருத்தரு டவர் கிடைக்கலைன்னு சொல்லி பைலை அனுப்பாமலே உட்டுட்டா என்ன பண்ணுவ?"

எட்டாம் வகுப்பு வரை படித்த சித்தி கேட்ட இந்தக் கேள்விக்குக் கம்ப்யூட்டர் உலகில் தனிப் பெயரே இருக்கிறது. கடைசியாகத் திறப்பவரின் சிக்கல் என்பார்கள். மேலே சொன்ன கணக்கையே பாருங்கள். கூட்டுத்தொகை 4387. கடைசி ஆளின் எண் 518 என்று வைத்துக்கொள்வோம். அவர் பைலைத் திறந்தால் மீதி 7. திறக்காமல் விட்டால் 3869-தான் கூட்டுத்தொகை, மீதி 5. அந்த ஐந்தாம் எண்காரர் அவரேயாக இருந்தால்? அவருக்கு இரண்டு முடிவுகள் தெரியும், பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். குண்டனி நாட்டில் மழை பிடித்தால் டவர் உண்மையாகவே போய்விடும். உண்மையாகப் போனதா, போனது போல நடிக்கிறாரா என்று வெளியில் இருந்து பார்த்துச் சொல்லவே முடியாது.

எத்தீரியத்திலும் இதே நிலைமைதான். அங்கே ரேண்டம் எண் தயாரிக்கும் முறைக்கு ரேண்டாவ் என்று பெயர். பக்கம் எழுத வரும் ஒவ்வொரு வேலிடேட்டரும் தன் பங்குக்கு ஓர் எண்ணைச் சேர்க்கிறார். ஆனால் அந்த எண்ணை அவர் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்க முடியாது. அந்த எபாக்கின் வரிசை எண்ணின் மேல் தன் ரகசியச் சாவியால் போடும் டிஜிட்டல் கையெழுத்துதான் அந்த எண். ஒரு சாவிக்கு, ஓர் எபாக்குக்கு, ஒரே ஒரு கையெழுத்துதான் வரும். போலி என்றால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆகவே அவருக்கு மிஞ்சும் ஒரே தந்திரம், சித்தி சொன்ன தந்திரம்: திறக்காமல் இருந்துவிடுவது. அப்படிச் செய்தால் அந்த ஸ்லாட்டின் கூலி போய்விடும். பெரும்பாலும் இந்த நஷ்டமே ஆளைத் தடுத்துவிடுகிறது.

பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும். ஓர் எபாக்கின் கடைசி ஸ்லாட் ஒருவர் கையில் இருந்தால் அவருக்கு 2 வாய்ப்பு. கடைசி இரண்டும் அவருடையது என்றால் 4. மூன்று என்றால் 8. நிறைய முன்பணம் கட்டியவருக்கு இப்படி அமையும் சந்தர்ப்பம் அதிகம். எத்தீரியத்தை உருவாக்குபவர்கள் இதை மறைக்கவில்லை. வெளிப்படையாகவே எழுதி விவாதிக்கிறார்கள். ஓட்டை எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்று தெரிந்திருப்பதே ஒரு பாதுகாப்பு என்பது என் கருத்து.

மூடிய குடம்

அமெரிக்காவில் பல மாநிலங்கள் சேர்ந்து ஹாட் லாட்டோ என்றொரு லாட்டரி நடத்தின. 2010 டிசம்பர் 29-ஆம் தேதிக் குலுக்கலில் ஐயோவா மாநிலத்தில் வாங்கிய ஒரு சீட்டுக்கு 1.65 கோடி டாலர் பரிசு விழுந்தது. பரிசை வாங்க நேரில் யாரும் வரவில்லை. கிட்டத்தட்ட ஓர் ஆண்டு கழித்து வேறு யார் யாரோ வாங்க முயன்றார்கள். கடையின் கேமராப் பதிவை வைத்து விசாரித்தபோது, சீட்டு வாங்கியவர் எட்டி டிப்டன் என்று தெரியவந்தது. குலுக்கல் கம்ப்யூட்டர்களுக்குச் சாப்ட்வேர் எழுதிக் கொடுத்தவரே அவர்தான். லாட்டரி சங்கத்தின் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்கே பொறுப்பானவர். ஆண்டில் குறிப்பிட்ட 3 நாட்களில் மட்டும் எண்களை முன்கூட்டியே கணிக்க முடிகிற மாதிரி புரோகிராமில் சில வரிகளைச் சேர்த்து வைத்திருந்தார். 2005-ல் கொலராடோவில் தொடங்கிப் பல மாநிலங்களில் இப்படிப் பரிசுகள் போயிருக்கின்றன. 2017-ல் அவருக்கு 25 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

அந்தச் சில வரிகளை லாட்டரி வாங்கிய பொதுமக்கள் யாரும் பார்த்திருக்க முடியாது. குடம் மூடியிருந்தது.

அப்படியானால் ஓப்பன் சோர்ஸ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? கூடாது. டெபியன் லினக்ஸில் 2006 செப்டம்பரில் ஓப்பன் எஸ்எஸ்எல் என்ற சாப்ட்வேரில் தேவையில்லை என்று நினைத்து இரண்டு வரிகளை எடுத்துவிட்டார்கள். ரேண்டம் எண்ணுக்கு ஆதாரமே அந்த வரிகள்தான். விளைவு, கோடானுகோடி விதமாக வர வேண்டிய சாவிகள் ஒவ்வொரு வகையிலும் 32,768-க்குள் அடங்கிப்போயின. எவரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாம். லூசியானோ பெல்லோ என்ற டெபியன்காரர் கண்டுபிடித்து, 2008 மே மாதம்தான் அறிவிப்பு வந்தது. குடம் திறந்தே இருந்தும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் யாரும் எட்டிப் பார்க்கவில்லை! திறந்திருந்ததால்தான் வேறொருவர் பார்த்துச் சொல்ல முடிந்தது என்பதும் உண்மை.

யார் வராவிட்டாலும் நிற்காத குலுக்கல்

சித்தியின் கேள்விக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. டிராண்ட் என்ற ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர். 2019-ல் கிளவுட்ஃபிளேர் நிறுவனம், சுவிட்சர்லாந்தின் இபிஎஃப்எல், சிலி பல்கலைக்கழகம் உள்ளிட்டவை சேர்ந்து இதைப் பொதுச் சேவையாக ஓட்டத் தொடங்கின. கூட்டணிக்கு லீக் ஆஃப் என்ட்ரோபி என்று பெயர். (கிளவுட்ஃபிளேர்காரர்கள் தங்கள் அலுவலகச் சுவரில் மெழுகுக் குமிழ் மிதக்கும் அலங்கார விளக்குகளை அடுக்கி, அவற்றைக் கேமராவில் படம் பிடித்து ரேண்டம் எண் தயாரிப்பவர்கள். சிலியில் நிலநடுக்கக் கருவியின் அளவுகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அவரவர் ஊரில் எது தாராளமாகக் கிடைக்கிறதோ அது!)

டிராண்டில் ஒரு சாவியைப் பங்குகளாகப் பலரிடம் பிரித்து வைத்திருப்பார்கள். முழுச் சாவி யாரிடமும் இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் அவரவர் பங்கால் கையெழுத்துப் போடுவார்கள். குறிப்பிட்ட எண்ணிக்கையில் பங்குகள் சேர்ந்தாலே முழுக் கையெழுத்து கிடைத்துவிடும். முக்கியமானது என்னவென்றால், எந்தப் பங்குகள் சேர்ந்தாலும் வருவது அதே கையெழுத்துதான். ஒருவர் டவர் இல்லை என்று ஒதுங்கினாலும் முடிவு மாறாது. ஃபைல்காயின் பிளாக்செயின் அடுத்த பக்கம் எழுதுபவரைத் தேர்ந்தெடுக்க இந்த எண்ணைத்தான் பயன்படுத்துகிறது.

சித்தி வீட்டுச் சீட்டுக்கு நான் சொன்ன யோசனையும் இதுதான். டிராண்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் வரிசை எண் உண்டு. 30 வினாடிக்கு ஒன்று வரும் பழைய வரிசையும், 2023-ல் வந்த 3 வினாடி வரிசையும் இருக்கின்றன. வரும் ஞாயிறு மாலை 6 மணிக்கு எந்தச் சுற்று வரும் என்று முன்பே கணக்கிட்டு குரூப்பில் போட்டுவிட வேண்டும். ஞாயிறு மாலை அந்தச் சுற்றை பிரவுசரில் திறந்தால் ரேண்டம்னெஸ் என்று ஒரு நீளமான வரி இருக்கும். அதன் கடைசி 6 எழுத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் கால்குலேட்டரைப் புரோகிராமர் மோடுக்கு மாற்றி, ஹெக்ஸ் பகுதியில் அதை டைப் செய்தால் டெசிமல் எண் கிடைக்கும். உதாரணத்துக்கு 482915 என்று இருந்தால் 47,29,109 என்று வரும். 12-ஆல் வகுத்தால் மீதி 5. திருப்பூரில் இருப்பவரும் தன் போனில் இதையே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். சுற்றின் எண்ணை முன்பே அறிவித்துவிட வேண்டும் என்பதுதான் இதில் உயிரான விதி. முடிவு வந்த பிறகு "இந்தச் சுற்றை எடுத்துக்கொள்வோம்" என்றால் எல்லாம் வீண்.

வேலிடேட்டர் சாப்ட்வேர்கள்

எத்தீரியத்தில் ஒரு வேலிடேட்டரை ஓட்ட இரண்டு சாப்ட்வேர்கள் வேண்டும். பணப் பரிமாற்றங்களைச் சரிபார்க்க கெத், நெதர்மைண்ட், பெசு போன்றவற்றில் ஒன்று. குலுக்கல், ஓட்டுப் போடுவது போன்றவற்றைக் கவனிக்க லைட்ஹவுஸ், பிரிஸம், டேக்கு, நிம்பஸ், லோட்ஸ்டார் போன்றவற்றில் ஒன்று. எல்லாமே ஓப்பன் சோர்ஸ். ஒரே வேலைக்கு எதற்கு இத்தனை என்று தோன்றும். ஒவ்வொன்றையும் வெவ்வேறு குழு, வெவ்வேறு கம்ப்யூட்டர் மொழியில் எழுதியிருக்கிறது. ஒன்றில் தவறு இருந்தாலும் மற்றவை தாங்கிக்கொள்ளும். 2023 மே 11, 12 தேதிகளில் இது நடந்தே விட்டது. பழைய ஓட்டுகள் குவிந்ததால் பிரிஸமும் டேக்குவும் மூச்சுத் திணறின. பக்கங்களை இறுதி செய்யும் வேலை முதல் நாள் சுமார் 25 நிமிடமும் மறுநாள் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நின்றது. லைட்ஹவுஸ் போன்றவை சமாளித்து ஓடியதால் சங்கிலி முழுதாக நிற்கவில்லை.

சரி, குண்டனி நாட்டில் ஒரு வேலிடேட்டர் ஓட்ட முடியுமா? சாப்ட்வேர் இலவசம். ஆனால் முன்பணம் குறைந்தது 32 ஈதர். பல பத்து லட்சம் ரூபாய். கம்ப்யூட்டரில் 32 ஜிபி ராம், 4 டெராபைட் எஸ்எஸ்டி இருந்தால் நல்லது. இன்டர்நெட் டேட்டா ஏராளமாக வேண்டும். மொபைல் டேட்டா போதாது. காற்று மழைக்குக் கரண்ட் போவதைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். சில மணி நேரம் அணைந்து கிடந்தால் அந்த நேரத்தில் கிடைத்திருக்கும் அளவுக்கு ஒரு சிறு தொகை கழியும், அவ்வளவுதான். ஸ்லாஷிங் வருவது வேறு காரணத்தால். ஒரே சாவியை இரண்டு கம்ப்யூட்டரில் போட்டு, ஒன்று நின்றால் இன்னொன்று ஓடட்டும் என்று விட்டால், இரண்டும் ஒரே ஸ்லாட்டுக்கு இரண்டு விதமாகக் கையெழுத்துப் போடக்கூடும். அது திருட்டுக் கணக்காகவே எடுத்துக்கொள்ளப்படும். பேக்கப் எடுப்பது நல்ல பழக்கம் என்று நாம் எப்போதும் சொல்வோம். இந்த ஓர் இடத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் இரண்டாவது பிரதி கூடவே கூடாது.

கற்றுக்கொள்ள ஆசைப்படுபவர்களுக்கு டெஸ்ட்நெட் இருக்கிறது. 2025 மார்ச்சில் தொடங்கிய ஹூடி அதற்கென்றே ஏற்பட்டது. அதில் புழங்கும் ஈதருக்குப் பண மதிப்பு கிடையாது. எத்தனை முறை வேண்டுமானாலும் நிறுவி, நிறுத்தி, ஸ்லாஷிங் வாங்கிக்கூடப் பார்க்கலாம். லினக்ஸ் கொஞ்சம் தெரிந்திருந்தால் ஒரு வாரக் கடைசி போதும்.

ஒரு நாளைக்கு ஒரு சதவீதம்!

போன முறை மலைக்குப் போயிருந்தபோது, மிளகு விற்ற பணத்தைப் போடச் சொல்லி யாரோ அனுப்பிய ஒரு ஆப்பைப் பக்கத்து வீட்டு அண்ணன் கொண்டு வந்து காட்டினார். ஸ்டேக்கிங் என்று பெரிதாகப் போட்டிருந்தது. பத்தாயிரம் போட்டால் தினம் ஒரு சதவீதம். ஆள் சேர்த்துவிட்டால் கூடுதல் கமிஷன். எத்தீரியத்தில் உண்மையான ஸ்டேக்கிங்கில் கிடைப்பது சமீப காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 3 சதவீதம். அதுவும் ஈதராகத்தான் கிடைக்கும். ஈதரின் விலை ஏறலாம், இறங்கலாம். ஆண்டுக்கு மூன்று எங்கே, நாளைக்கு ஒன்று எங்கே?

அவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். எந்தப் பிளாக்செயினில் ஸ்டேக் செய்கிறீர்கள்? உங்கள் வேலிடேட்டரின் எண் என்ன? சாப்ட்வேரின் பெயர் என்ன? உண்மையான வேலிடேட்டருக்கு இந்த மூன்றும் ஊரறிந்த விஷயம். எண்ணைக் கொடுத்தால் எத்தனை ஸ்லாட் எழுதியது, எப்போது அணைந்து கிடந்தது என்று எல்லாமே எவரும் பார்க்கலாம். ஆப்பில் இருந்த நம்பருக்கு அவர் போன் செய்து கேட்டார். "சார், அதெல்லாம் கம்பெனி ரகசியம்" என்று பதில் வந்தது. மிளகுப் பணம் வங்கியிலேயே இருக்கிறது.

முறையான வழியில் செய்தாலும் வரியை மறந்துவிடக் கூடாது. இந்தியாவில் 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி; அதே ஆண்டு ஜூலை 1 முதல் விற்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்தம்.

இப்போதே பார்க்க

எதையும் இன்ஸ்டால் செய்யாமல் குலுக்கல் நடப்பதைப் பார்க்க வேண்டுமா? பிரவுசரில் எத்தீரியம் பீக்கன் செயின் எக்ஸ்புளோரர் என்று தேடுங்கள். சமீபத்திய ஸ்லாட்டுகளின் பட்டியல் வரும். ஏதாவது ஒரு ஸ்லாட்டைக் கிளிக் செய்தால், அதை எழுதிய வேலிடேட்டரின் எண்ணும், ‘ரேண்டாவ் ரிவீல்’ என்ற தலைப்பில் 192 எழுத்துகள் கொண்ட ஒரு நீளமான வரியும் இருக்கும். அந்த வேலிடேட்டர் குடத்துக்குள் போட்ட கையெழுத்து அதுதான். 12 வினாடி கழித்துப் பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தால் அடுத்தவருடையது வந்திருக்கும். இடையில் எங்காவது ‘மிஸ்டு’ என்று போட்டிருந்தால், அந்த வேலிடேட்டர் அன்று பக்கம் எழுதவில்லை என்று அர்த்தம். கரண்ட் போயிருக்கலாம், நெட் போயிருக்கலாம், சித்தி சந்தேகப்பட்டது போலவும் இருக்கலாம். அந்த எபாக்கின் கடைசி ஸ்லாட்டா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்லாட் எண்ணை 32-ஆல் வகுத்து மீதி 31 வந்தால் அதுதான் கடைசி ஸ்லாட்.